முத்துநகரா, உப்புநகரா?

“உப்பிட்டவரை உள்ளளவும் நினை” என்பது நம் முன்னோர் மொழி. பட்டிமன்றங்களிலும் கட்டுரைகளிலும் இம்மொழியை எத்தனையோ முறை எடுத்தாண்டிருக்கிறோம். ஆனால் நமக்கு உப்பிடுகிறவர் உண்மையில் யார் என்று, தூத்துக்குடியில் பிறந்து வளரும் நாம் என்றைக்காவது எண்ணிப் பார்த்ததுண்டா? இக்கேள்வி என் மனத்தில் எழுந்த விதத்தையும், அதற்கு நான் கண்ட விடையையும் இங்கே கூற விழைகிறேன். பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் ‘எங்கள் ஊர்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நாங்கள் நாற்பத்து மூன்று பேரும் எழுதினோம். தமிழாசிரியை அவற்றைத் திருத்திக்கொண்டு வந்து, “என்ன பிள்ளைகளா, எல்லோரும் ஒரே கட்டுரையை எழுதியிருக்கிறீர்களே!” என்று சிரித்தார்கள். உண்மைதான். எல்லாக் கட்டுரைகளும் முத்தில் தொடங்கின. கொற்கையில் விளைந்த பாண்டிய நாட்டு முத்தைப் பற்றி ஒரு பத்தி. 1906ஆம் ஆண்டு சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிய வ.உ.சி.யைப் பற்றி ஒரு பத்தி. 1713ஆம் ஆண்டு எழுப்பப்பட்டு, 1982இல் பசிலிக்கா என்னும் சிறப்பைப் பெற்ற பனிமய மாதா பேராலயத்தைப் பற்றி ஒரு பத்தி. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட நம் துறைமுகத்தைப் பற்றி ஒரு பத்தி. கடைசியாக, மக்ரூனைப் பற்றி எழுதாதவர் ஒருவரும் இல்லை!

உப்பைப் பற்றி? சிலர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்கள். பலர் அதுவும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. மற்றவர்கள் எழுதாததற்கு மறதி காரணமாயிருக்கலாம். நான் எழுதாததற்குக் காரணம் வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் ஊரை எனக்கு மிகவும் பிடிக்கும். விடியற்காலையில் கோயில் மணியோசை கேட்கும்போதே, தெருமுனை ரொட்டிக் கடையிலிருந்து வரும் வாசனை எங்கள் வீட்டுக்குள் நுழைந்துவிடும். உடன்குடிக் கருப்பட்டி போட்ட காப்பியில் சூடான பன்னை நனைத்துத் தின்பதைப் போன்ற இன்பம் உண்டோ? மாலையில் கடற்காற்று வந்துவிட்டால் பகல் வெயிலின் கொடுமையெல்லாம் மறந்துபோகும். தெருவிலுள்ள ஆச்சிமார் திண்ணைகளில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இரவில் புரோட்டாக் கடைகளில் கல்லின் மேல் கரண்டிகள் தாளம் போடும். ஜூலை 26ஆம் நாள் மாதா கோயிலில் கொடியேறிவிட்டால் ஆகஸ்டு 5ஆம் நாள் திருவிழா முடியும் வரை வீடு தங்க மாட்டோம். சாதி மதம் பாராமல் ஊரே அங்கே கூடி நிற்கும் காட்சி, காணக் கண் கோடி வேண்டும்.

மக்ரூனைப் பற்றியும் சொல்லாமல் விட முடியுமா? முட்டையின் வெள்ளைக்கருவை நுரை பொங்க அடித்து, சீனியும் முந்திரிப்பருப்புத் தூளும் கலந்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, இளஞ்சூட்டில் வாட்டி எடுக்கிறார்கள். மாவும் இல்லை, நெய்யும் இல்லை. வாயில் இட்டால் கரைந்து போகிறது. வெளியூர் உறவினர் வீட்டுக்குப் போகும்போது ஒரு டப்பா வாங்கிப் போகாவிட்டால், “தூத்துக்குடியிலிருந்து வெறுங்கையோடா வந்தாய்?” என்று கேட்பார்கள்.

ஆனால் மக்ரூன் நாள்தோறும் தின்னும் பொருளன்று. தேர் நாள்தோறும் ஓடுவதில்லை. முத்தோ, நாம் கண்ணால் கண்டதே இல்லை. கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் முத்துக்குளிப்பு நம் கடலில் கடைசியாக நடைபெற்றது 1961ஆம் ஆண்டில். என் அம்மா பிறப்பதற்கு முன்பே நின்றுபோன தொழில் அது. ஆயினும் நம் ஊருக்கு முத்துநகர் என்று பெயர். இங்கிருந்து சென்னைக்குச் செல்லும் இரயிலுக்கும் முத்துநகர் என்று பெயர்.

உப்போ ஒவ்வோர் ஆண்டும் விளைகிறது. இந்தியாவில் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் நம் தமிழ்நாட்டுக்கு உரியது. தமிழ்நாட்டிலோ தூத்துக்குடிக்கே முதலிடம். திருச்செந்தூர் சாலையில் முள்ளக்காட்டைத் தாண்டிப் பேருந்தில் போகும்போது, வெண்மையான உப்பு அம்பாரங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். “பனிமலை போல இருக்கிறதே!” என்று வியந்துமிருக்கிறோம். அந்த அம்பாரத்தைச் சுமந்து வந்து கொட்டிய தலைகளை நினைத்ததில்லை.

உப்பு எப்படி விளைகிறது என்பதை அறிவியல் பாடத்தில் இரண்டு வரிகளில் படித்துவிடுகிறோம். உண்மையில் அது பெரிய வேலை. ஒரு லிட்டர் கடல்நீரில் எல்லா உப்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 35 கிராம்தான் இருக்கும். நாம் உண்ணும் சோற்றுப்பு ஒரு கிலோ கிடைக்க வேண்டுமானால் 40 லிட்டர் அளவுக்குக் கடல்நீர் வற்ற வேண்டும். கடல்நீரையோ நிலத்தடி உவர்நீரையோ முதலில் தெப்பம் எனப்படும் பெரிய பரப்பில் தேக்குகிறார்கள். வெயிலும் காற்றும் நீரைக் குடிக்கக் குடிக்க அதன் அடர்த்தி ஏறுகிறது. முதலில் ஜிப்சம் அடியில் படிந்துவிடும். பாமே மானியில் 25 டிகிரியை எட்டும்போதுதான் உப்பு படியத் தொடங்கும். அந்தப் பக்குவத்தில் நீரைச் சிறு பாத்திகளில் பாய்ச்ச வேண்டும். 30 டிகிரியைத் தாண்ட விட்டால் மெக்னீசிய உப்புகள் மிகுந்து கசப்பேறிவிடும். ஆகவே காலம் பார்த்து அந்த நீரை வடித்துவிட வேண்டும். பிறகு வாருபலகையால் உப்பை வாரி, வரப்பில் குவித்து, தலையில் சுமந்து அம்பாரம் சேர்க்க வேண்டும்.

இவ்வளவும் உனக்கு எப்படித் தெரியும் என்று தோழியர் கேட்கலாம். என் அம்மா உப்பளத்தில் வேலை செய்கிறார்கள். பதினாறு ஆண்டுகளாகச் செய்கிறார்கள். பாமே மானியை அம்மா கையால் தொட்டதே கிடையாது. தண்ணீரில் லேசாகச் சிவப்பு ஓடுவதையும், விரலில் ஒட்டும் பிசுபிசுப்பையும் பார்த்து, “இன்னும் இரண்டு வெயில் வேண்டும்” என்று சொல்லிவிடுவார்கள். அதைத்தான் நான் நாற்பத்து மூன்று பேரில் ஒருத்தியாக இருந்துகொண்டு எழுதாமல் மறைத்தேன்.

மறைத்தது அன்று மட்டுமன்று. ஆறாம் வகுப்பில் இப்பள்ளியில் சேர்ந்தபோது குடும்ப விவரப் படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று என் கையாலேயே எழுதினேன். அம்மாவுக்கு எழுத்து வாசனை அதிகம் இல்லை. நான் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டார்கள். எட்டாம் வகுப்பில் தேர்ச்சி அறிக்கை வாங்க அம்மா பள்ளிக்கு வந்தார்கள். அதிகாலை மூன்று மணிக்கு அளத்துக்குப் போய், வேலை முடிந்து வந்து குளித்து, இருக்கும் சேலைகளில் நல்லதை உடுத்திக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு தோழி, “உங்கம்மா கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கு?” என்று கேட்டாள். “கண்வலி” என்று சொல்லிவிட்டேன். அம்மாவின் காதில் அது விழுந்துவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா ஒன்றும் பேசவில்லை. இரவு சாப்பாட்டின்போதுதான் கேட்டார்கள்: “ஏட்டி, கண்வலின்னு ஏன் சொன்ன? வெள்ளையப் பாத்துப் பாத்துச் செவந்த கண்ணு. அளத்து வேலைக்குப் போறான்னு சொல்ல வேண்டியதுதான? களவா எடுக்கேன்?”

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கேள்விக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து இப்போது பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உப்பளத்தில் வேலை செய்வோருக்கு வெண்மையே பகை. வெயில் உப்பில் பட்டுத் திரும்பி இரு மடங்காகக் கண்ணைத் தாக்குகிறது. உவர்நீரில் நாள் முழுதும் நிற்பதால் பாதங்கள் வெடித்துப் புண்ணாகின்றன. வெடித்த இடத்தில் மீண்டும் உப்புநீர் படும்போது எப்படி எரியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வெயிலுக்கு அஞ்சியே பலர் விடியுமுன் வேலைக்குப் போகிறார்கள். மழைக்காலம் வந்தால் வேலையே இல்லை. அம்மாதங்களுக்காக 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தை அரசு கொண்டு வந்திருப்பது போற்றுதற்குரியது. ஆயினும் வேலையற்ற சில மாதங்களுக்கு ஒரு குடும்பத்துக்கு அத்தொகை எத்தனை நாள் வரும் என்பதைத் தாய்மார்களே கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் பெய்த பெருமழையை நாம் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்தது. நம் தெருக்களில் படகு விட்டார்கள். வீடுகளில் புகுந்த நீரைப் பற்றி எல்லோரும் பேசினோம். அளங்களில் மூடி வைத்திருந்த அம்பாரங்கள் கரைந்தும், பாத்திகள் சேறாகியும் போனதைப் பற்றி அளத்துக் குடும்பங்கள் மட்டுமே பேசிக்கொண்டன. அதில் தொழிலாளி மட்டுமல்லர், சிறிய அளங்களின் உரிமையாளர்களும் நொடித்துப் போனார்கள். சேற்றை வாரி, பாத்தியை மிதித்து இறுக்கி, மறுபடியும் உப்பு விளையச் செய்தவர்கள் யார்? வெறுங்காலோடு நின்ற அதே மக்கள்தாம்.

உப்பு தாழ்ந்த பொருளா? இல்லவே இல்லை. அந்நிய ஆட்சியை அசைக்க 1930ஆம் ஆண்டு காந்தியடிகள் கையில் எடுத்தது முத்தையன்று, பொன்னையன்று, ஒரு பிடி உப்பையே. அதே ஆண்டில் இராஜாஜி வேதாரணியத்துக்கு நடந்தது உப்புக்காகவே. ஆண்டவர் இயேசு தம் சீடர்களை எதற்கு ஒப்பிட்டார்? உப்புக்கு அன்றோ! நம் குழாய்த் தண்ணீரைத் தூய்மையாக்கும் குளோரினும் உப்பிலிருந்து வருவதே. மக்ரூன் இல்லாமல் மனிதன் வாழலாம். உப்பில்லாமல் வாழ முடியாது.

மறைக்கல்வி வகுப்பில் சகோதரி ஒருவர் அழகாகச் சொன்னார்கள்: உப்பு தன்னை மறைத்துக்கொண்டு உணவுக்குச் சுவை தருகிறது, நாமும் அப்படித் தாழ்ச்சியோடு தொண்டு செய்ய வேண்டும் என்று. அது மிகச் சரியே. ஆனால் அன்று எனக்குள் ஓர் எண்ணம் தோன்றியது. உப்பு சோற்றில் மறையலாம். உப்பை விளைவிப்பவர் ஊரில் மறைந்துபோகலாமா? தாழ்ச்சி அவர்களாக மேற்கொண்டால் புண்ணியம். நாம் அவர்களைக் காணாமல் இருந்தால் அது நம் குற்றம்.

இக்கட்டுரையை எழுதுமுன் ஒரு தோழியிடம் என் எண்ணத்தைச் சொன்னேன். “முத்து என்றால் கேட்க அழகாக இருக்கிறது. உப்புநகர் என்று பெயர் வைத்தால் யார் மதிப்பார்கள்?” என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முத்துநகர் என்ற பெயரை மாற்ற வேண்டும் என்பது என் வாதமன்று. முத்துக்குளித்த மக்களும் உயிரைப் பணயம் வைத்து மூச்சடக்கி உழைத்தவர்களே. அப்பெயர் அவர்கள் நினைவாக இருக்கட்டும். பழைய உழைப்பைப் பெயரில் போற்றும் நாம், இன்றைய உழைப்பைப் பார்க்க வெட்கப்படுவதேன் என்பதே என் கேள்வி.

அம்மாவிடமும் சொன்னேன். “ஊருக்கே பெருமை உங்க வேலைதான்னு எழுதப் போறேம்மா” என்றேன். அம்மா சிரித்துவிட்டு, “பெருமையெல்லாம் இருக்கட்டும் ஏட்டி. ஒதுங்குறதுக்கு ஒரு மறைப்பும் குடிக்க நல்ல தண்ணியும் இருந்தாப் போதும். நீ படி. அளத்துப் பக்கம் வந்துராத” என்றார்கள்.

அந்தச் சொல் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. வேலையைப் பெருமைப்படுத்தும் நான் அந்த வேலைக்குப் போகத் தயாரா? உண்மையைச் சொன்னால், இல்லை. அம்மாவும் என்னை விட மாட்டார்கள். அப்படியானால் என் பேச்சு வெறும் அலங்காரமா? பல நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். தொழிலைப் போற்றுவது வேறு; தொழிலில் உள்ள துன்பத்தைப் போற்றுவது வேறு. அம்மா என்னை வரவேண்டாம் என்பது உப்பை வெறுத்தன்று. நிழலும் நீரும் மறைப்பும் இல்லாமல் ஒரு பெண் உழைப்பது எத்தகையது என்பதை அறிந்தே சொல்கிறார்கள். அவை இருந்துவிட்டால், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியும் காலுக்குத் தகுந்த காலணியும் கிடைத்துவிட்டால், எந்த அம்மாவும் தன் வேலையைச் சொல்லும்போது தலை குனிய வேண்டியதில்லை. எந்த மகளும் படிவத்தில் பொய் எழுத வேண்டியதில்லை.

நாம் கொண்டாடும் வ.உ.சி. கப்பல் விட்டதோடு நின்றுவிட்டாரா? 1908ஆம் ஆண்டு இவ்வூர்ப் பஞ்சாலைத் தொழிலாளர் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலை நிறுத்தம் செய்தபோது, அவர்களுக்குத் தலைமை தாங்கித் தோள் கொடுத்தார். கப்பலைப் பற்றி எல்லாக் கட்டுரைகளிலும் எழுதுகிறோம். அவர் தொழிலாளரோடு நின்றதையும் சேர்த்து எழுதினால்தான் அவரை முழுமையாகப் போற்றியவராவோம்.

எல்லா அளங்களிலும் வசதி இல்லை என்று நான் சொல்லவில்லை. சில இடங்களில் நல்லது நடக்கிறது. அது எல்லா இடங்களிலும் நடக்க வேண்டும். அதிகாரமும் செல்வாக்கும் உள்ள பெற்றோர் பலர் இம்மலரைப் படிப்பீர்கள். உங்களில் அளங்களின் உரிமையாளர்களும் இருக்கலாம். நிழலுக்கு ஒரு கொட்டகை, பெண்களுக்கு ஒரு கழிப்பறை, ஒரு குடம் நல்ல தண்ணீர்: இம்மூன்றையும் உங்கள் மகளின் வயதையொத்த ஒருத்தி பணிவுடன் கேட்கிறாள் என்று எண்ணிக்கொள்ள வேண்டுகிறேன்.

மாணவியராகிய நாமும் சில செய்யலாம். ஆண்டுதோறும் சுற்றுலா என்று தொலைதூரம் போகிறோம். ஒரு நாள் காலை அரை மணிப் பயணத்தில் உப்பளத்துக்குப் போய்வரலாம். அறிவியல் கண்காட்சியில் எரிமலையும் காற்றாலையும் செய்வது போல ஓர் உப்புப் பாத்தியும் செய்து வைக்கலாம். பள்ளி விழாத் திருப்பலியில் காணிக்கைப் பவனியின்போது பழமும் பூவும் மக்ரூனும் எடுத்துச் செல்கிறோம். அவற்றோடு ஒரு தட்டு உப்பையும் பீடத்துக்கு எடுத்துச் செல்ல அன்புச் சகோதரிகள் அனுமதி தருவார்களானால், அன்று என் அம்மாவைப் போன்ற பலரின் உள்ளம் குளிரும். எல்லாவற்றுக்கும் மேலாக, அருகில் இருப்பவளின் தாய் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்கும்போது, எந்தப் பதில் வந்தாலும் ஒரே முகத்தோடு கேட்டுக்கொள்ளப் பழகுவோம்.

இந்த ஆண்டு பள்ளி திறந்ததும் வழக்கம்போலக் குடும்ப விவரப் படிவம் தந்தார்கள். தாயின் தொழில் என்ற இடத்தில் ‘உப்பளத் தொழிலாளி’ என்று எழுதினேன். எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கினேன். வகுப்பாசிரியை அதைப் படித்துவிட்டு, அடுத்த படிவத்தை எடுத்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. இதற்காகவா நான்கு ஆண்டுகள் அஞ்சினேன் என்று எனக்கே வியப்பாக இருந்தது.

நம் ஊர் முத்துநகராகவே இருக்கட்டும். அந்த முத்துநகரில் ஒவ்வொரு வீட்டிலும் உலை கொதிக்கும்போது ஒரு கை உப்பை எடுத்துப் போடுகிறது. அந்த நேரத்தில் அதை வாரிய கையையும் ஒரு கணம் நினைப்போமாக.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி